ஒத்திகை பார்த்த சந்தேகம்

இடது கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். ஏணி மேல் நின்ற ஆள் பதாகையின் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். "இடது பக்கம் கொஞ்சம் தூக்குப்பா. இன்னும். போதும் போதும், அதிகமாப் போயிடுச்சு. மேன்மைன்னு எழுதியிருக்கு, அது சாஞ்சு கிடந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" ஒருவழியாகப் பதாகை நேராயிற்று. அதற்குள் கூட்டத்துக்கென்று அழைத்து வந்த மாணவர்களில் பாதிப் பேர் பின்கதவு வழியாக நழுவிவிட்டார்கள். அவர் அதைக் கவனிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்துத் தலையை ஒருமுறை வாரிக்கொண்டு, படம் எடுப்பவரைப் பார்த்து, "ஆரம்பிக்கலாமா?" என்றார். மேடைக்கு இன்னும் ஒருவரும் வந்திருக்கவில்லை. அவர் ஆரம்பிக்கச் சொன்னது படத்தை.

எங்கள் பல்கலைக்கழகத்தின் கல்விசார் மேன்மை மேம்பாட்டு மையத்துக்கு இயக்குநர் அவர். மாணவர்கள், ஆசிரியர்கள், ஊழியர்கள் என மூன்று தரப்பாரிடமும் மேன்மையை வளர்ப்பது அவருடைய பொறுப்பு. மையத்தின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் எல்லோரும் அவரையே 'மேன்மை சார்' என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவருக்கும் அது காதில் விழுந்திருக்கிறது, விழுந்த அன்றைக்கே பிடித்தும் போய்விட்டது.

நான் கணிதத் துறையில் பாடம் நடத்துகிறவன். அவரும் எங்கள் துறைக்காரர்தான். எங்கள் அறையில் ஜன்னலோரமாக அவருடைய மேசை இன்னும் இருக்கிறது. பெயர்ப்பலகையும் இருக்கிறது. ஆள்தான் வருவதில்லை. அந்த மேசையில் நாங்கள் டீ கிளாஸ் வைக்கிறோம்.

அவருடைய தலைமுடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதுக்குப் பொருந்தாத கறுப்பு. சாயம்தான், ஆனால் கைதேர்ந்த சாயம். ஒரு முடி தப்பாமல் வகிடு எடுத்து, காற்றடிக்கும் பக்கம் பார்த்து நடந்து, காரில் ஏறும்போதுகூடத் தலையைப் பரீட்சைக் கட்டு மாதிரி பத்திரமாக உள்ளே வைப்பார். சாக்பீஸ் இருக்கும் பக்கமே போக மாட்டார். "தூசி ஒத்துக்கலை சார்" என்பார். இதே மனிதர் ஒரு காலத்தில் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். மாவு மில்லில் வேலை பார்க்கிறாரா என்று அவருடைய மாமனார் வீட்டில் கேட்டார்களாம்.

அந்தக் காலத்து வகுப்பை நான் கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாடம் நடத்துவது எப்படி என்று பார்த்துக்கொள்ள அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். நன்றாக நடத்துவார் என்று சொன்னால் அது குறைச்சல். கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, தானே இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவர் போல அதோடு மல்லுக்கு நிற்பார். அந்த மனிதர் எங்கே போய்த் தொலைந்தார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல். மற்றபடி எனக்கும் அவருக்கும் வாய்க்கால் வரப்புத் தகராறு எதுவும் கிடையாது.

மேன்மை சாரிடம் இரண்டு வாசகங்கள் உண்டு. ஒன்று, "படம் இல்லேன்னா நடக்கலைன்னு அர்த்தம்." மற்றொன்று, "இதை ஒரு திட்டமாக்கிடலாமே." முதலாவதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம், பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். இரண்டாவதைச் சொல்லிவிட்டார் என்றால் அந்தக் காரியம் அத்தோடு முடிந்தது என்று தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

நூலகத்து மாடிப்படிக்குக் கீழே இரண்டு பையன்கள் தினமும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் அவர் கண்ணில் பட்டுவிட்டார்கள். அப்படியே நெகிழ்ந்து போனார். "பாருங்க, யாரும் சொல்லாமயே படிக்கிறாங்க. இதை ஒரு திட்டமாக்கிடலாமே" என்றார். அடுத்த வாரம் படிக்கட்டு வாசிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. படிக்குக் கீழே வர்ணம் பூசினார்கள், நாற்காலி போட்டார்கள், துணைவேந்தர் வந்து பேசினார். இப்போது அங்கே வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

ஆசிரியர்களிடம் மேன்மை வளர்ந்த கதை வேறு. ஆராய்ச்சிக் கட்டுரை எத்தனை எழுதுகிறோமோ அதற்குத் தக்க பாராட்டு என்றார். முன்பு ஒரு கட்டுரையாக எழுதியதை எல்லோரும் நாலாகக் கூறு போட ஆரம்பித்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கட்டுரைகள் இப்போது சுருக்கத்துக்கே சுருக்கமாக வருகின்றன. பக்கத்து அறை வேதியியல்காரர் ஒரு கட்டுரையின் முடிவுரையைத் தனிக் கட்டுரையாக்கிப் பரிசு வாங்கினார். விழாவில் அவருக்குப் போர்த்திய சால்வை கட்டுரையைவிட நீளம்.

ஊழியர்களையும் விடவில்லை. சிறந்த ஊழியர் விருது லிஃப்ட் இயக்குபவருக்குப் போனது. வருஷம் முழுக்க அவர் மேல் ஒரு புகாரும் வரவில்லை என்று மேடையில் வாசித்தார்கள். வராதுதான். வருஷம் முழுக்க லிஃப்ட் ஓடவில்லை. விருது வாங்கிய மனுஷனே கூச்சப்பட்டுப் போய், "சார், மோட்டார் வாங்கிக் குடுத்தா போதும் சார், ஓட்டிக் காட்டுறேன்" என்றார். மேன்மை சார் அவர் தோளில் கைபோட்டு, "இந்தப் பணிவு இருக்கே, இதை ஒரு திட்டமாக்கிடலாமே" என்றார்.

அதைவிடப் பெரியது மேன்மை வாரம். அந்த வாரம் முழுவதும் வகுப்புகள் ரத்து. கற்பதில் மேன்மை அடைவது எப்படி என்று வெளியூரிலிருந்து வந்தவர்கள் காலையிலும் மாலையிலும் பேசுவார்கள். பேசுகிறவர்களில் ஒருவராவது பாடம் நடத்திப் பார்த்திருப்பாரா என்பது என் சந்தேகம். கேட்டேன். "சார், நீங்க எதையும் குறையாவே பாக்கிறீங்க" என்று மேன்மை சார் என் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் ஏதோ கையெழுத்துக்காக அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்துச் சுவர் முழுக்கக் கேடயங்கள். அவர் மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். எங்கேம்மா என்றேன். "மேத்ஸ் டியூஷன், அங்கிள்" என்றாள். நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் கேடயத்தைப் பார்த்தார். அவருடைய மனைவி காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "கணக்கு வாத்தியார்னு நம்பித்தான் எங்க வீட்ல கட்டிக் குடுத்தாங்க. இப்ப மாசாமாசம் இன்னொரு கணக்கு வாத்தியாருக்கு அழுதுக்கிட்டிருக்கோம்" என்றார். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது இவ்வளவு பக்கத்தில் நின்று காபி கொடுக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் பதவிக்குக் காலக்கெடு உண்டு. இந்த வருஷத்தோடு முடிகிறது. தர மதிப்பீட்டுக் குழு ஒன்று வெளியிலிருந்து வந்து பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்த்து மதிப்பு போடும். மதிப்பு ஏறினால் பதவி நீளும். இறங்கினால் மையத்தின் குளிர்சாதன அறை, கார், வாசலில் நிற்கும் உதவியாளர் எல்லாம் போய், மேன்மை சார் எங்கள் அறைக்கு, டீ கிளாஸ் வைக்கும் மேசைக்கு, முதல் வருஷ வகுப்புக்குத் திரும்ப வேண்டும்.

அது அவரை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்று ஒரு மதியம் படியேறும்போது தெரிந்தது. இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். "மறுபடி கிளாஸுக்கு அனுப்பிட்டாங்கன்னா என்ன பண்றதுன்னு தெரியல சார். சாக்பீஸ் தொட்டு வருஷக்கணக்காச்சு. எவனாவது எழுந்து ஒண்ணு கேட்டான்னா சொல்ல வருமா? கார் போனா போகட்டும் சார். பசங்க முன்னாடி முழிக்கிற மாதிரி ஆயிடக் கூடாது." காருக்கும் அறைக்கும்தான் மனுஷன் அலைகிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்ததே என்று எரிச்சலும் வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இவர் விஷயத்தில் சாமியே கையை விரித்துவிட்டது. குழு வருகிற செய்தி வந்ததும் துணைவேந்தர் அவரைக் கூப்பிட்டு, "மூத்த பேராசிரியர் ஒருத்தர் வகுப்பு எடுக்கிறதைக் குழு பாக்கணுமாம். நம்ம மேன்மை இயக்குநரே எடுத்தா எடுப்பா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அன்றிலிருந்து ஒத்திகை ஆரம்பமாயிற்று.

எடுத்துக்கொண்ட பாடம் எளிதானது. ஒரு காகிதத்தில் பாதியைக் கிழித்து மேசையில் வை. மிச்சத்தில் பாதியைக் கிழித்து அதன் மேல் வை. மறுபடி மிச்சத்தில் பாதி. இப்படி முடிவே இல்லாமல் வைத்துக்கொண்டே போனாலும் மேசையில் சேர்வது ஒரு காகிதத்தைத் தாண்டாது. முடிவில்லாமல் கூட்டினாலும் ஒரு எல்லைக்குள் அடங்கும் என்பதுதான் பாடம். நல்ல மாணவர்களாகப் பொறுக்கி எடுத்தார். யார் எங்கே உட்கார வேண்டும், யார் எந்த இடத்தில் தலையாட்ட வேண்டும் எல்லாம் முடிவாயிற்று. யாருக்கு என்ன சந்தேகம் வர வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

முதல் பெஞ்சுப் பையனுக்குக் கொடுத்த சந்தேகம் இது: "சார், மூணாவது வரியில, முடிவே இல்லாமக் கூட்டியும் அது எப்படி ஒண்ணைத் தாண்டாம நிக்குது?" அவர் பதில் சொன்னதும் பக்கத்துப் பையன் எழுந்து, "இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்று சொல்ல வேண்டும். தெளிவு அவனுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். ஒத்திகைகளில் ஒருமுறைகூடத் தவறவில்லை. மூன்றாவது வரி எழுதியதும் மேன்மை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், துடைத்ததும் முதல் பையன் எழுந்திருப்பான், கடிகாரம் தோற்றது.

குழு வந்த அன்றைக்குப் பொறுக்கி எடுத்த மாணவி ஒருத்திக்குக் காய்ச்சல். காலி இடம் கண்ணை உறுத்துமே என்று நடைபாதையில் போய்க்கொண்டிருந்த முதல் வருஷப் பெண் ஒருத்தியைப் பிடித்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். "நீ ஒண்ணும் பேச வேணாம்மா. சும்மா உக்காந்திரு" என்று மேன்மை சாரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவளும் சரி சார் என்றாள்.

குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு மூத்த அம்மாள், ஓய்வுபெற்ற பேராசிரியர். பூங்கொத்தை வாங்கி அப்படியே பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். மேன்மை சார் உள்ளே வந்தார். வணக்கம் சொன்னார். பயத்தில் வியர்த்துக் கொட்டி, கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. பாவம், கழற்றித் துடைத்தார்.

முதல் பெஞ்சுப் பையன் விறைப்பாக எழுந்தான். "சார், மூணாவது வரியில, முடிவே இல்லாமக் கூட்டியும் அது எப்படி ஒண்ணைத் தாண்டாம நிக்குது?"

போர்டு துடைத்து வைத்தது துடைத்தபடி பளபளவென்று இருந்தது. மேன்மை சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போர்டைத் திரும்பிப் பார்த்தார். நிமிஷம் வீணாகிறதே என்று பக்கத்துப் பையனும் எழுந்துவிட்டான். "இப்ப ரொம்பத் தெளிவா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். இரண்டு பேர் அதற்கும் தலையாட்டினார்கள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரித்திருந்தால் என் வேலை போயிருக்கும். தலைவி சிரிக்கவில்லை. "போர்டுல இன்னும் ஒண்ணுமே எழுதலையே தம்பி" என்றார் அமைதியாக. பிறகு மேன்மை சாரைப் பார்த்து, "நீங்க பாடத்தை நடத்துங்க சார். கடைசியில பாக்கலாம்" என்றார். அவர் காகிதத்தைக் கிழித்தார், போர்டில் எழுதினார், ஒப்பித்தார். கழுத்தில் கயிறு மாட்டியவன் பேசுகிற மாதிரி இருந்தது. பாடம் முடிந்ததும் தலைவி நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, கடைசி பெஞ்சைப் பார்த்தார். "இதுவரைக்கும் வாயே திறக்காத யாராவது ஏதாவது கேளுங்களேன். நீ கேளும்மா."

அந்தப் பெண் மேன்மை சாரைப் பார்த்தாள். பேச வேண்டாம் என்று சொன்னவர் அவர்தானே. அவர் வேறு வழியில்லாமல் தலையசைத்தார். அவள் எழுந்தாள். "சார், துண்டு சின்னதாகிட்டே போனாப் போதுமா? பாதி, மூணுல ஒண்ணு, நாலுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணுன்னு கூட்டினாலும் இதே மாதிரி அடங்கிடுமா?"

"அடங்கும்மா. துண்டு சின்னதாகிட்டேதானே போகுது" என்றார் மேன்மை சார். தப்பான பதில். எங்கள் துறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

"இல்ல சார், இப்ப கூட்டிப் பாத்தேன். மூணாவது துண்டுலயே ஒண்ணைத் தாண்டிடுது."

"ஒண்ணைத் தாண்டும். ரெண்டை, மூணைத் தாண்டாது. எங்கயாவது ஒரு இடத்துல..." என்று சொல்லிக்கொண்டே போர்டுப் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றார். பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று எழுதிப் பார்த்தார். சாக்பீஸ் பிடித்த கையாலேயே தலையைச் சொறிந்தார். நாங்கள் எல்லோரும் அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு முடியில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

"இருங்க" என்றார். "நான் சொன்னது தப்பு."

பல்கலைக்கழகத்தில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அவர் கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். குரலே மாறியிருந்தது. "மூணுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் சேத்தா எவ்வளவும்மா? அரைக்கு மேலயா, கீழயா?"

"மேல சார்."

"சரி. அடுத்த நாலு துண்டைச் சேத்து எடு. அஞ்சுல ஒண்ணுலேருந்து எட்டுல ஒண்ணு வரைக்கும். அதுல ரொம்பச் சின்னது எது?"

"எட்டுல ஒண்ணு." அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எல்லாமே எட்டுல ஒண்ணா இருந்தாக்கூட நாலு சேந்தா அரை. அப்ப இதுவும் அரைக்கு மேலதான். சார், அடுத்த எட்டுத் துண்டும் அப்படித்தானே வரும்?"

"வரும். அதுக்கடுத்த பதினாறும் வரும்" என்றார். இரண்டு கையாலும் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார், ஒன்று எழுத, ஒன்று அழிக்க. "அரை அரையா வந்துக்கிட்டே இருக்கும். நிக்காது. நீ எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் அதை ஒருநாள் தாண்டிடும். துண்டு சின்னதாகுது, சின்னதாகுதுன்னு நான் ஏமாந்துட்டேன் பாரு." சிரித்தார். முழங்கை வரை வெள்ளை. முதல் பெஞ்சுப் பையனும் ஒத்திகையை மறந்துவிட்டு, முந்தின கணக்கு மட்டும் ஏன் அடங்கியது என்று கேட்டான். அது அவனுடைய சொந்தச் சந்தேகம். தலைவி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் எங்கள் அறைக்கு வந்தார். டீ கிளாஸ்களை ஒதுக்கிவிட்டுத் தன் மேசையில் உட்கார்ந்தார். தலையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது, சீப்பை அவர் தேடவே இல்லை. "சொல்ல வந்துச்சு சார், பாத்தீங்கல்ல? தடுமாறி, அப்புறம் வந்துச்சு" என்றார். "அந்தப் பொண்ணை நாளைக்கு என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. பிரமாதமா யோசிக்குது. அதுக்குக் குடுக்க இன்னொரு கணக்கு இருக்கு." சொன்னேன். அவளும் மறுநாள் மேன்மை மையத்துக்குப் போனாள். சார் குழுவை வழியனுப்பப் போயிருக்கிறார் என்றார்கள். அதற்கு மறுநாள் கூட்டம் என்றார்கள். அதற்கப்புறம் உதவியாளர் அவளைப் பார்த்ததும் தானாகவே இல்லை என்று கையை ஆட்ட ஆரம்பித்துவிட்டார்.

குழுவின் அறிக்கை வந்தது. பதாகைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேன்மை வாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தது, அது நல்ல வார்த்தை இல்லை. ஆனால் அந்த வகுப்பைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருந்தார்கள். ஆசிரியர் தன் பிழையை ஒப்புக்கொண்டு, தயங்கி நின்று, மாணவியோடு சேர்ந்து விடை கண்ட விதம் இந்தப் பல்கலைக்கழகத்தில் தாங்கள் கண்ட உண்மையான மேன்மை என்று தலைவி எழுதியிருந்தார். மதிப்பு ஏறியது. மேன்மை சாரின் பதவி நீண்டது.

அவர் இனி நம்மிடம் திரும்பிவிடுவார், தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்கு வருவார் என்று நான் துறையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வந்தார். அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "சார், இந்தத் தயக்கம் இருக்கே" என்றார். "இதை ஒரு திட்டமாக்கிடலாமே."

இப்போது எங்களுக்கெல்லாம் தயக்கவழிக் கற்பித்தல் பயிற்சி நடக்கிறது. எந்த இடத்தில் தயங்குவது, எவ்வளவு நேரம் தயங்குவது, 'நான் சொன்னது தப்பு' என்பதை எந்தக் குரலில் சொல்வது என்று வெளியூர்க்காரர் ஒருவர் வந்து கற்றுத் தருகிறார். வேதியியல்காரர் அதிலும் முதல் பரிசு. அவர் தயங்கினால் நமக்கே கண்ணில் நீர் வந்துவிடும்.

எல்லாம் சரி, ஒரு குறை மட்டும் மேன்மை சாரைத் தூங்கவிடவில்லை. அந்த வகுப்பில் அவர் போர்டோடு மல்லுக்கட்டிய நேரத்துக்கு ஒரு படம்கூடக் கிடையாது. திட்டத்தில் இல்லாத பகுதி என்று படம் எடுப்பவர் டீ குடிக்கப் போய்விட்டிருந்தார். படம் இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றல்லவா அர்த்தம்? ஆகவே அதை மறுபடி நடத்திவிடுவது என்று முடிவாயிற்று. அதே வகுப்பறை, அதே மாணவர்கள். தலைவி உட்கார்ந்திருந்த நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்கள், படத்தில் முதுகுதான் தெரியும் என்று.

நேற்று அது நடந்தது. போர்டுக்கு மேலே பதாகை, நேராக. அந்தப் பெண்ணைக் கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள், முகம் நன்றாக விழ வேண்டுமே. மேன்மை சாரைக் கண்டதும் அவள் எழுந்துவிட்டாள். இத்தனை நாளாய் அறை வாசலில் பார்க்க முடியாதவர் நேரே வந்து நிற்கிறார்.

"வாம்மா, நல்லா இருக்கியா? அன்னிக்குக் கேட்டதையே கேளு. துண்டு சின்னதாகிட்டே போனாப் போதுமான்னு."

"சார், அது எனக்கு அன்னிக்கே புரிஞ்சிடுச்சு. இப்ப வேற ஒண்ணு" என்றாள் அவள். நாள்கணக்காய்த் தேக்கி வைத்ததை அவசரம் அவசரமாகச் சொன்னாள். "கீழ பகா எண் மட்டும் இருந்தா சார்? ரெண்டுல ஒண்ணு, மூணுல ஒண்ணு, அஞ்சுல ஒண்ணு, ஏழுல ஒண்ணு. நடுவுல நிறைய துண்டு போயிடுதே. அப்பவும் அடங்காதா? நான் ரொம்ப தூரம் கூட்டிட்டேன், எனக்குத் தெரியல."

அவர் முகம் ஒரு கணம் மாறியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பார்த்தேன். நல்ல கேள்வி. அன்றைக்குக் கேட்டதைவிடப் பத்து மடங்கு நல்ல கேள்வி. அவர் கை போர்டுப் பக்கம் போயிற்று. உதடுகள் 'ரெண்டு, மூணு, அஞ்சு' என்று முணுமுணுத்தன. போய்விடு மனுஷா, போய் எழுது என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து படம் எடுப்பவர், "சார், லைட் போயிடும்" என்றார்.

"அது வேணாம்மா" என்றார் மேன்மை சார். "பழசையே கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். படத்தில் நான் வெறும் முதுகாகத்தானே இருக்க வேண்டும், இருந்தும் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் கண்ணில் நீர் எதுவும் இல்லை. உட்கார்ந்து, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று, முதல் பெஞ்சுப் பையன் ஒப்பிக்கிற அதே விறைப்போடு, "சார், துண்டு சின்னதாகிட்டே போனாப் போதுமா?" என்றாள். ஒரு எழுத்துத் தவறவில்லை.

"அருமை. அப்படியே நில்லும்மா" என்று சொல்லிவிட்டு மேன்மை சார் ஜன்னல் கண்ணாடி முன்னால் போனார். சீப்பை எடுத்து, வகிடு பிசகாமல் வாரினார். அப்புறம் போர்டு விளிம்பிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்து, விரல் நுனியில் தேய்த்து, காதுக்கு மேலே அன்றைக்குக் கோடு விழுந்த அதே இடத்தில் கொஞ்சமாகத் தடவினார். தலையைச் சாய்த்துக் கண்ணாடியில் பார்த்தார். போதவில்லை போலிருக்கிறது. இன்னும் கொஞ்சம் தடவிக்கொண்டார்.